பாலகாட்டில் எனக்குக் கேட்காத பதில்

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் தேதி என்ன, சாட்சி யார் என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவது என் வழக்கம். இதையும் நீங்கள் அப்படிக் கேட்கலாம். தேதி இருக்கிறது, சாட்சி பாதிதான்.

1998, ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை. அப்போது பெங்களூரில் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் இருந்தேன். விமானிகளுக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து, யார் களைத்திருக்கிறார், யாருடைய தவறைச் சொல்லத் துணை விமானி பயப்படுகிறார் என்று கவனித்து அறிக்கை தருவது வேலை. ஒரு பஞ்சாபி கேப்டனைப் பற்றிய அறிக்கையை மறுநாள் கொடுத்தாக வேண்டும். விமானம் ஓட்டும்போது அவர் பதில்கள் இரண்டு தடவை தாமதமாக வந்ததைப் பார்த்திருந்தேன். தகுதியில்லை என்று எழுதினால் அவர் பிழைப்பு போய்விடும், எழுதாவிட்டால் அவரை நம்பி ஏறுகிறவர்கள் கதி என்ன? முடிவெடுக்க முடியாமல் ஊருக்கு, கோலார் தங்கவயலுக்கு, வந்துவிட்டேன்.

பிற்பகலில் பாலகாட் சுரங்கத்தின் பக்கம் நடந்தேன். அங்கே மூடிப்போன ஷாஃப்ட் குழிக்கு வாட்ச்மேன் தாஸ், என்னோடு படித்தவன்.

"இன்னாடா, ஏரோப்ளேன்காரன் ரயில்ல வந்துகீற?"

"இங்க எறங்க எடம் இல்லியே மச்சான்."

"உள்ள போய் சுத்திப் பாரு. கேஜ் கீஜ்னு தேடாத, எல்லாம் துரு."

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜை இயக்குகிற வைண்டிங் ஹவுசுக்குள் போனேன். கேஜ் ஓடும்போது டிரைவரிடம் யாரும் பேசக்கூடாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது.

டிரைவர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. எதிரே கேஜின் கம்பிவடத்தைச் சுற்றும் பெரிய டிரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது, அதில் கம்பிவடமே கிடையாது, அது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களோ என்னவோ. அவர் தலை மெல்லச் சாய்ந்தது. சட்டம் என் நாக்கைக் கட்டிப்போட்டது. கேஜில் ஆள் இருந்தால் என்று தோன்றியதும் கத்திவிட்டேன்.

"எண்ணா, இன்னாணா தூங்கினுகீற! முழிச்சுக்கோ!"

தாஸ் ஓடிவந்தான். இருக்கை காலி. டிரம் அசையவில்லை.

"யார்றா அது? எலியாண்டயா பேசினுகீற?"

அன்றிரவே பெங்களூருக்கு ரயிலேறினேன்.

மறுநாள் காலை கேப்டனே என் அலுவலக அறைக்கு வந்து, "தகுதியில்லை என்றே எழுதுங்கள்," என்றார் இந்தியில். முந்தின நாள் பிற்பகல் இறங்கும் நேரத்தில் அவருக்குக் கண் சொருகிவிட்டதாம். துணை விமானி அதைப் பார்த்தும் எழுப்பத் தயங்கியிருக்கிறான். பின்னால் காலியாக இருந்த மடக்கு இருக்கையிலிருந்து ஒரு கத்தல்தான் தன்னை எழுப்பியது என்றார். அது துணை விமானிக்குக் கேட்கவில்லை. நேரத்தை விசாரித்தேன். பொருந்தியது.

கேப்டனுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் நான் கத்தியதை எங்கள் ஊர் இழுப்போடு அப்படியே சொல்லிக் காட்டினார்.

"அது உங்கள் குரல். அதற்கு ஒரு கிழவர் பதில் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம்?"

பாலகாட்டில் எனக்கு எந்தப் பதிலும் கேட்கவில்லை. அவர் விரும்பியபடியே அறிக்கை எழுதினேன். அர்த்தத்தை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் ஒவ்வோர் ஒலியாக நினைவுபடுத்திச் சொன்னது இது:

"நான் முழிச்சினுதான் கீறேன். அவன எழுப்பு."