எரிதப் பெட்டியில் ஒரு மெட்ராஸ்காரி

காலையில் நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் ஆண்மை மாத்திரை விற்பவர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே போலிக் கைக்கடிகாரக்காரரும் கைப்பைக் கடைக்காரரும் வருகிறார்கள். "உங்கள் எழுத்து மிகவும் பயனுள்ளது, நண்பர்களுக்கும் சொல்வேன்" என்று ஆங்கிலத்தில் மனம் குளிரப் பாராட்டிவிட்டு, அடியில் தங்கள் கடையின் சுட்டியை வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் எழுதியிருப்பதோ சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது செருப்பு அறுந்த கதை. அதுவும் தமிழில். இதில் எந்த வரி அந்த மாத்திரைக்காரருக்குப் பயன்பட்டது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வலைப்பதிவு எழுதுகிறவர்கள் இந்த மாதிரி ஸ்பேம் பின்னூட்டத்துக்கு எரிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் எரிச்சல் இருப்பதால் எனக்கும் பிடித்திருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு சென்னைப் பக்கம் இங்கே வந்தவள் நான். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் நிற்கிறேன். அங்கே எட்டு மணி நேரமும் வாய்க்கு வேலை கிடையாது. முகக்கவசம் வேறு. அறைக்கு வந்தால் கூட இருக்கும் பெண்கள் இரண்டு பேரும் வேறு ஷிப்ட். நான் வரும்போது ஒருத்தி தூங்குவாள், இன்னொருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். பேச ஆள் இல்லாமல்தான் வலைப்பதிவு ஆரம்பித்தேன். பழைய மடிக்கணினி, அதில் சொருகும் டேட்டா கார்டு. சிக்னல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். தொட்டி நிழலில் உட்கார்ந்து ஊரோடு பேசுவேன். ஊர் பதில் சொல்லும் இடம் அந்தப் பின்னூட்டப் பெட்டி. அதை மாத்திரைக்காரர்கள் வந்து அடைத்துக்கொண்டால் கோபம் வராதா?

முதலில் கோணல் எழுத்துகளைப் படித்து அடித்தால்தான் பின்னூட்டம் போகும் என்று பூட்டு போட்டேன். மாத்திரைக்காரர்கள் எப்படியோ உள்ளே வந்தார்கள். என் கூடப் படித்த பேச்சியம்மாள்தான் வெளியே நின்றாள். சங்கரன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். என் பதிவைக் கடைக் கணினியில் முதல் ஆளாகப் படிப்பவள் அவள். போனில் கத்தினாள்.

"ஏட்டி, அந்தக் கோணல் எழுத்த எத்தன தடவதான் அடிக்க? நீ மனுஷிதானான்னு கேக்குது. ஆமாங்கேன், நம்ப மாட்டேங்குது."

பூட்டை எடுத்தேன். அதற்குப் பதிலாக, வருவதையெல்லாம் நானே பார்த்து வெளியிடுவது என்று மாற்றினேன். மட்டுறுத்தல். அன்றிலிருந்து வார விடுமுறைக் காலை முழுவதும் எனக்குக் குப்பை பொறுக்கும் வேலைதான்.

தமிழில் வருகிறவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? முதலில் பின்னூட்டம் போடுகிறவருக்கு வடை என்று பதிவர்களுக்குள் ஒரு விளையாட்டு. என் தாய்மாமா இறந்தபோது லைனில் ஆள் குறைவு என்று லீவு தரவில்லை. உடலை எடுத்துவிட்டார்கள் என்ற தகவல் கேன்டீனில் தட்டோடு நிற்கும்போது வந்தது. அதை எழுதிப் போட்டேன். முதல் பின்னூட்டம்: "வடை எனக்கே." இரண்டாவது: "அருமை. அப்படியே நம்ம பக்கமும் வாங்க." கல்யாண வீட்டு மொய் மாதிரி நீ வந்தால் நான் வருவேன் என்கிற கணக்கு அது. படிக்காமலே வைத்துவிட்டுப் போகும் மொய். கைக்கடிகாரக்காரராவது பாராட்டிச் சுட்டி வைத்ததோடு நிறுத்தினார், வடை கேட்கவில்லை. அன்றைக்கு லேப்டாப்பைத் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்று இருந்தது.

அந்த மாடிக்கு வீட்டுக்கார சரோஜா அக்கா துணி காயப்போட வருவார். இந்த ஊர்க்காரர்கள், நெல் போட்ட நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போனபின் மிச்சத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அறை கட்டி விட்டிருக்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்து முறைப்பதைக் கண்டு ஒருநாள் நின்றார்.

"இன்னாமா, யார்கூட சண்ட போட்டுகினு கீற?"

"பின்னூட்டம் அழிக்கேன்க்கா."

"பின்னாடி ஓட்டமா? எவன் ஓடியாந்தான், சொல்லு."

விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "வேண்டாத ஆளுன்னா கதவ சாத்திக்கினு போவியா" என்று முடித்துவிட்டுத் துணியை உதறினார்.

வந்த புதிதில் இவர் குரல் கேட்டால் படியிறங்கவே தயங்குவேன். முதல் நாளே படியில் நிறுத்தி, "சோறு துன்னியா?" என்றார். எங்கள் பக்கம் மாடுதான் தின்னும். மனிதரைப் பார்த்து அப்படிக் கேட்டால் சண்டை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அவமானப்படுத்துகிறார் என்று அன்று சாப்பிடாமலே படுத்தேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில் கீழேயிருந்து கஞ்சித் தூக்குடன் ஏறி வந்து, "துன்னு, துன்னாம படுத்தா எப்டி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது இதே சரோஜா அக்காதான். துன்னு என்ற சொல் அன்றைக்கு என் காதில் வேறு மாதிரி விழுந்தது. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்.

அந்தப் பிரியத்தில்தான் அவர் பேச்சைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். கீது, வூடு, துன்னு, தண்ணி வந்துகினு கீது, எல்லாவற்றையும். பெயரும் போட்டேன். என் தாய்மாமா சாவுக்கு வராத கூட்டம் அதற்கு வந்தது. எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள். "இதெல்லாம் தமிழா?" "அந்த ஊர்த் தண்ணி அப்படி." "சரோஜா கீதா, இல்ல போச்சா?" நான் ஷிப்டுக்கு நடுவில், அவசரமாக, எரிதம் இல்லை என்பதை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் வெளியிட்டுவிட்டேன். கூட்டத்தைப் பார்த்து கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்காவின் மகள் ரேவதி தண்டலத்தில் காலேஜில் படிக்கிறாள். அவள் போனில் படித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை கீழேயிருந்து குரல் வந்தது.

"தண்ணீர் வருகிறது. பிடித்துக்கொள்ளுங்கள்."

டிவியில் செய்தி வாசிப்பது போல இருந்தது. குடத்தோடு இறங்கினேன். சரோஜா அக்கா என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இப்படிப் பேசுதீங்க?"

"தமிழில் பேசுகிறேன்" என்றார்.

அறையைக் காலி செய் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் அப்படியெல்லாம் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா, விளக்கை அணையுங்கள், மின்கட்டணம் வந்துள்ளது என்று தினமும் அச்சடித்த மாதிரிப் பேசினார். சொல்லைத் தேடித் தேடிப் பேசியதால் முகம் இறுகிப்போயிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார், அதையும் முழுசாக உச்சரித்து. பதிவைத் தூக்கலாம் என்றால் ரேவதி அதைத் தன் தோழிகளுக்கெல்லாம் காட்டிவிட்டாளாம். எனக்கு அந்தப் பழைய குரல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். சுத்தத் தமிழ் கேட்டு இப்படி நொந்துபோனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து டேட்டா கார்டும் தீர்ந்தது. சுங்குவார்சத்திரத்தில் டீக்கடைக்கு மேலே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பதிவுக்குக் கீழே கேலி அப்படியே நீண்டு கிடந்தது. எல்லாம் நான் வெளியிட்டவைதான். உள்ளே நுழையலாம் என்றால் என் பாஸ்வேர்டில் வருகிற ஓர் எழுத்து அந்தக் கீபோர்டில் அமுங்கவில்லை. பக்கத்தில் ஒருவர் எழுந்திருங்கள் என்று நிற்கிறார். கோபத்தில் பெயரில்லாமல், அனானியாகவே, பின்னூட்டப் பெட்டியில் ஒரு பதிலை அடித்து அனுப்பிவிட்டு இறங்கினேன்.

வார விடுமுறை வந்தது. ரீசார்ஜ் செய்துகொண்டு மாடியில் உட்கார்ந்தேன். வலைப்பதிவு தானாகவே சந்தேகப்பட்டு ஒதுக்கி வைக்கும் எரிதப் பெட்டி பொங்கி வழிந்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் தேர்வு செய்து அழிக்கப் போனபோது, மாத்திரைக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் தமிழ் எழுத்து தெரிந்தது.

"இன்னாபா, சும்மா சிரிச்சிகினு கீறீங்க? எங்க அக்கா பேசறதுல உங்களுக்கு இன்னா கொறஞ்சு போச்சு? காய்ச்சல்ல கெடந்தப்போ கஞ்சி வெச்சிக் குட்த்தது அவங்க. உங்கள்ல யாராச்சும் வந்தீங்களா?"

ரேவதிதான் எழுதியிருக்கிறாள் என்று முகம் சுட்டது. ஆனால் ரேவதி தன் அம்மாவை அக்கா என்பாளா? மறுபடி படித்தேன். பிரவுசிங் சென்டரும் அமுங்காத எழுத்தும் ஞாபகம் வந்தன. அடிக்கும்போது நான் என் தமிழில்தான் அடிப்பதாக நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வலைப்பதிவே என்னைக் குப்பை என்று ஒதுக்கி வைத்து, இவளை உள்ளே விடலாமா என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தது. 'எரிதம் இல்லை' என்பதை அழுத்தினேன். கேலிகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

அடுத்த நாள் காலை, ஷிப்டுக்கு முன், பதிவைத் திறந்தேன். "வீட்டுக்காரம்மா ஆள் யாரோ சண்டைக்கு வந்திருக்கு", "லோக்கல் ஆளையெல்லாம் உள்ள விடாதீங்க அக்கா" என்று மறுபடியும் வரிசையாகக் காத்திருந்தன. எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதே போன் அடித்தது. பேச்சியம்மாள்.

"ஏட்டி, அந்த மெட்ராஸ்காரி எவட்டி? நம்மூர்க்காரங்களப் பாத்து 'யாராச்சும் வந்தீங்களா'ங்கா. அவள அழிச்சிரு."

"அது நாந்தாம்ட்டீ."

சிரித்தாள். "சும்மா இரு. ஒன் பேச்சு எனக்குத் தெரியாதா?"

மனுஷிதானா என்று கேட்ட அந்தக் கோணல் எழுத்து பரவாயில்லை, அது என்னை முன்னேபின்னே அறியாதது. திரையில் அந்தப் பின்னூட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். பதிவின் சொந்தக்காரிக்கு மட்டும்தான் அது தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழேயிருந்து, ரேவதி என்ன வாசித்துக் காட்டினாளோ, குரல் வந்தது.

"இன்னாடி பண்ணிகினு கீற மேல? தண்ணி வந்துகினு கீது, எறங்கி வா."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு குடத்தை எடுத்தேன். படியில் ஓடிக்கொண்டே கத்தினேன். "தோ, வந்துகினே கீறேன்க்கா."

போனில் பேச்சியம்மாள் கேட்டாள்.

"ஏட்டி, அங்கன 'வந்துகினே'ன்னு யாரு பேசுதது?"

பாதிப் படியில் குடத்தோடு நின்றேன்.