கல்லு ஸ்டாப்பிங்

விக்கிரவாண்டி தாண்டித் திண்டிவனம் போகும் வழியில் ஒரு நிறுத்தத்துக்குப் பெயரே கல்லு ஸ்டாப்பிங். பக்கத்தில் ஊர் இல்லை. வயலுக்குள் மண்பாதை ஒன்று பிரியும். அந்த முனையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழைய மைல்கல் நின்றது. ‘திண்டிவனம்’ என்ற எழுத்தும் அதன் கீழே தமிழ் எண்ணில் ஏழும் வெட்டியிருக்கும். கல்லை ஒட்டி ஒரு டீக்கடை. பத்திரிகை வேலையாக விழுப்புரத்திலிருந்து வரும்போதெல்லாம் அங்கே இறங்கி, டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவது என் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லை உடைக்கவில்லை. பத்திரமாகப் பெயர்த்து, இரண்டு பர்லாங்கு தள்ளி, பாலத்தடியில் சிமென்ட் மேடை கட்டி நட்டார்கள். ‘பழமையான மைல்கல்’ என்று பலகையும் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பஸ்களும் கல்லோடு போய்விட்டன. கல் இருக்கிற இடம்தான் கல்லு ஸ்டாப்பிங் என்பதில் ஓட்டுநர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

“கல்லைத் தூக்கிக்கினு போனாங்க சார், கூடவே என் யாவாரத்தையும் தூக்கிக்கினு போய்ட்டாங்க” என்றார் கடைக்கார அம்மா. அன்று நான் கேட்டுக்கொண்டதற்காகக் கடையெதிரே பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர் படியில் நின்றபடியே சிரித்தார்.

“யம்மா, கல்லு இருந்தாத்தான் கல்லு ஸ்டாப்பிங். உன் மூஞ்சியப் பாத்தா நிறுத்த முடியும்?”

“இத்தினி வருசமா என் மூஞ்சியப் பாத்துத்தான ஓசி டீ குடிச்சிக்கினு இருந்த?”

பஸ் போனதும் என் பக்கம் திரும்பினார். “நீங்க பேப்பர்காரருதான? கல்லோட எடம் இதுதான்னு எழுதிக் குடுங்க. டெப்போவுல காட்டறேன். இல்லன்னா கடையை மூட வேண்டியதுதான்.”

சுலபமான வேலை என்று நினைத்தேன். திண்டிவனத்திலிருந்து ஏழு மைல் அளந்தால் தெரிந்துவிடும். ஸ்கூட்டரில் மீட்டரைப் பார்த்தபடி வந்தேன். திண்டிவனம் என்றால் எந்த இடத்திலிருந்து? பஸ் ஸ்டாண்டிலிருந்து அளந்தால் ஏழு மைல் கடைக்கு வெகு முன்பே முடிந்தது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து அளந்தால் வேறோர் இடத்தில் முடிந்தது. பழைய சாலை வளைந்து வளைந்து போனது, புதிய சாலை நேராகப் போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடைசி அளவு என்னை ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) வயலோரம் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கே செடி பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“இங்க ஏது சார் கல்லு? அது ஏரிக்கரைக்கு அந்தாண்ட இருந்துச்சாம். கரை ஒடைஞ்சப்போ வண்டியில ஏத்தியாந்து டீக்கடையாண்ட போட்டாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

“எந்த ஏரி?”

“இப்போ ஏது ஏரி? அதும்மேலதான வண்டி ஓட்டிக்கினு வந்தீங்க.”

அவர் சொன்னதை உறுதி செய்ய இன்னொருவர் கிடைக்கவில்லை. மறுக்கவும் யாரும் கிடைக்கவில்லை. இப்படியொரு செய்தியை எந்தப் பத்திரிகையிலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். கடைக்கார அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்: கல் பாலத்தடிக்கு உரியதல்ல, உங்கள் கடைக்கு உரியதென்றும் என்னால் எழுத முடியாது.

“அப்போ தெனமும் நான் பாத்துக்கினு இருந்தது இன்னா சார்?”

“அந்தக் கல்தாம்மா. ஆனா அதோட எடம் எதுன்னு தெரியல.”

“கல்லுக்கு எடம் தெரியாம இருக்கட்டும். பஸ்ஸுக்குத் தெரியணுமில்ல?”

அடுத்த முறை போனபோது கடையெதிரே ஒரு கல் நின்றது. புத்தம் புதிய கல், வெள்ளையடித்துக் கறுப்பில் எழுதியது. எழுத்தும் எண்ணும் பாலத்தடிக் கல்லில் இருப்பது போலவே. பஸ்கள் இப்போது இரண்டு இடத்திலும் நிற்கின்றன. பாலத்தடி நிறுத்தம் புதிதாக வந்தது என்பதால் அதற்குப் பெயர் புதுக்கல்லு. கடையெதிரே இருப்பது பழைய கல்லு. பலகை சொல்வதும் பஸ்ஸில் சொல்வதும் நேர் எதிர். எனக்கே தடுமாற்றம் வருகிறது.

போன வாரம் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் காத்திருந்தார்.

“பழைய கல்லா, புதுக்கல்லா சார்?”

நான் யோசித்தேன்.

“டீ குடிக்கணும்னா பழைய கல்லு. எழுதணும்னா புதுக்கல்லு. ஜல்தி சொல்லுங்க சார்.”

டீ என்றேன்.