காவிரியில் விட்ட சைக்கிள்

கோடையில் காவிரி வற்றிவிட்டால் ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவே மணலில் ஓர் ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடும். யாரும் போட்ட பாதையல்ல. பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சோம்பல்பட்ட கால்கள் போட்டது. எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் கிடையாது. ஆற்றுக்குள்ளேயே நடந்து போகலாம். தாகம் எடுத்தால் மணலைக் கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும். எந்த இடத்தில் நின்றாலும் மலைக்கோட்டை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் கோடை முழுக்க அத்தையும் நானும் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து அந்தப் பாதையில்தான் அக்கரைக்குப் போய் வந்தோம். அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கிராம சேவிகா வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்றி, பெண்களுக்குச் சுகாதாரமும் கைத்தொழிலும் சொல்லித்தர வேண்டிய வேலை. காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம் செய்த அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"சைக்கிள் விடத் தெரியாதவளுக்கு எதுக்கு அந்த வேலை? பேசாம இரு."

அத்தை பேசாமல்தான் இருந்தாள். அப்பா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவாள். ஆனி பிறந்ததும் வேலையில் சேர்ந்தாக வேண்டும். தவறினால் உத்தரவு செல்லாது, அப்புறம் கல்யாணப் பேச்சுதான்.

அக்கரையில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர், சொந்தமாக லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தவள். குடமுருட்டி வரை கரையோரமாகப் போகும் மண்பாதையில், மரநிழலில், அத்தை பழகினாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். அவள் விழுந்ததைவிட நான் விழுந்ததுதான் அதிகம். ஒருநாள் நான் பிடியை விட்டது தெரியாமலே அத்தை போய்க்கொண்டிருந்தாள். பாதை வளைகிற இடத்தில் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்து மறைந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வைகாசிக் கடைசியில் டீச்சர் சொன்னாள்: "சைக்கிளை எடுத்துட்டுப் போயி உங்க அண்ணன் முன்னாடியே ஓட்டிக் காட்டுடி. அப்புறம் என்ன சொல்லுவாரு?"

பாலத்து வழியாகப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். நாங்கள் காட்டுவதற்கு முன்னால் ஊர் அப்பாவிடம் சொல்லிவிடும். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள்தான். ஆனால் அன்று காலையில் அப்பா, "தண்ணி நாளைக்குத்தான் வரும்" என்று சர்க்கார் மாதிரி அறிவித்திருந்தார். ஆகவே தைரியமாகச் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு கிளம்பினோம்.

பாதி ஆறு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மணல் சக்கரத்தை விடவே இல்லை. அப்போது பார்த்தால் ஸ்ரீரங்கத்துக் கரையில் ஒரே கூட்டம். எல்லோரும் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்கள். அத்தை வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு பொம்பள சைக்கிளைத் தொட்டா இந்தக் கத்து கத்தணுமா? நீ நேராப் பாத்து நட" என்றாள்.

நான் நேராகப் பார்க்கவில்லை. மேற்கே பார்த்தேன். நுரையும் சருகும் எறும்புமாக, சரசரவென்ற சத்தத்தோடு, ஆற்றின் அகலத்துக்கும், அவசரமே இல்லாமல் காவிரி நடந்து வந்துகொண்டிருந்தது. ஆறு இருக்கும், இல்லாமலும் போகும் என்று தெரியும். அது வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பயமே வரவில்லை. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

"ஏறுடி!" என்று அத்தை அலறினாள்.

முதல் தண்ணீர் பாதத்தைக்கூட மூடவில்லை. ஆனால் ஈரம் பட்ட இடமெல்லாம் மணல் இறுகித் தரையாகிவிட்டது. அதுவரை அடம்பிடித்த சக்கரம் உருண்டது. நான் கேரியரில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர் தெறிக்க, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அத்தை காவிரியில் சைக்கிள் விட்டாள். கரையில் சத்தம் அடங்கிப்போயிற்று. இதற்குமேல் ஒரு பெருமை வாழ்க்கையில் வரப்போவதில்லை என்று நினைத்தேன். வரவும் இல்லை.

படித்துறையில், தேங்காயும் கற்பூரத் தட்டுமாகப் புதுத்தண்ணீரைக் கும்பிட வந்திருந்த கூட்டத்தின் முன்வரிசையில் அப்பா நின்றார். காலையில் 'நாளைக்கு' என்று சொன்னவர் தான்தான் என்பதை அவர் சுத்தமாக மறந்திருந்தார். அத்தை இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள். யாருக்கு முதலில் அடி விழும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். என்னைத் தூக்கி மேல்படியில் விட்டார். சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"பிரேக் நல்லாப் பிடிக்குதா? மலையடிவாரம், ஏத்தமும் எறக்கமுமா இருக்கும்" என்றார்.

அத்தை அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.