தண்ணீரில் நின்ற சிவப்புக் கொடி

அந்தக் கொடியை நான் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கும் மேலாக, கேட்டவர்களிடமெல்லாம் பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், கையெழுத்துப் போட்டும் கொடுத்தேன். இப்போது நான் படகு ஓட்டுவதில்லை. அதே படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. ஏன் என்று யாராவது கேட்டால் முதுகுவலி என்கிறேன். பொய் சொல்லிப் பழகிய வாய், சின்னதாக ஒன்றையாவது சொல்லாமல் இருக்கமாட்டேன் என்கிறது.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா மருந்து அடித்தார். பூச்சிமருந்து அடித்த காட்டில் ஒரு கம்பை நட்டு சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். கொடி நிற்கிற இடத்துக்குள் யாரும் போகக்கூடாது, கொழுந்து எடுக்கக்கூடாது. ஆனால் நட்டவர்கள் நட்டதோடு சரி, பிடுங்குவதற்கு யாரும் வருவதில்லை. மருந்தின் வாடை போய், நாலு மழை பெய்து, துணி வெளுத்து ரோஸ் நிறமான பிறகும் கொடி நிற்கும். பெண்கள் அந்தக் கம்பிலேயே சாப்பாட்டுத் தூக்கை மாட்டிவிட்டுக் கொழுந்து கிள்ளுவார்கள். சிவப்புக் கொடி என்றால் எங்களுக்கு, இங்கே ஏதோ வேலை நடந்தது, முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டது இதைத்தான்.

எஸ்டேட்டில் வேலை குறைந்தபோது அணைக்கட்டுப் படகுத்துறைக்கு வந்தேன். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற ஸ்பீடு போட். பதினைந்து வருடம் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. என் படகில் ஏறியவர்கள் யானை பார்க்காமல் இறங்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

அந்தக் கோடையில் தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டது. அணை கட்டியபோது முங்கிப்போன காட்டின் மரக்கட்டைகள் மேலே தலைகாட்ட ஆரம்பித்தன. மீன்பிடிக்கிறவர்கள் விட்டுப்போன பழைய வலைகள் அந்தக் கட்டைகளில் சுற்றிக்கிடந்து, படகுகளின் எஞ்சின் விசிறியில் சிக்கின. அவற்றை அறுத்தெடுக்க, தண்ணீருக்குள் முங்கி வேலை செய்கிற ஒருவரை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கொச்சியில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர், கூடவே அவருடைய மனைவி. அவர் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே போவார். அவள் சின்ன வள்ளத்தில் மேலே இருந்து கொடி நட்டு, அவர் அறுத்துவிடுகிற வலையை இழுத்துப் போடுவாள். அவள் என் எஸ்டேட்டில் பிறந்த பெண், எனக்குத் தங்கச்சி முறை. அதனால் அவர் எனக்கு மாப்பிள்ளை. வந்த அன்றே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வேலை தொடங்குகிற காலையில் அவள் கொடியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர்கள் எங்கள் எல்லோரிடமும் வந்தாள். எண்ணெய் கேன் ஒன்றை மிதக்கவிட்டு, அதில் கம்பு சொருகி, கம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. துணியின் குறுக்கே வீட்டுக்காரரின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த வெள்ளைப் பட்டை ஒன்றைக் கையால் தைத்திருந்தாள். கேனின் கைப்பிடியில் கயிறு கட்டி, மறுமுனையில் கல்லைக் கட்டி இறக்குவது வழக்கம்.

“அண்ணே, இது நிக்கிற வரைக்கும் அவுக உள்ள இருக்காகன்னு அர்த்தம். அம்பது மீட்டருக்கு இங்கிட்டு எஞ்சினோட வராதீக. உள்ள இருக்கறவுகளுக்குச் சத்தம் கேக்கும், எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாது. மேல வந்துட்டா நானே கொடிய எடுத்துருவேன்” என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பத்துப் பேர் நிற்கிறார்கள், சிரிக்கவைக்க வேண்டாமா? “நம்ம எஸ்டேட்டு பத்தாம் நம்பர் காட்டுல நட்ட கொடி போன வருசத்துலேருந்து நிக்குது. அங்க யாரும்மா முங்கியிருக்கா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“அது தேயிலைண்ணே. இது என் வீட்டுக்காரரு” என்றாள்.

மூன்றாம் நாள் மதியம், மற்ற ஓட்டுநர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நடுத் தண்ணீருக்குப் போனதும் எதிர்க்கரையில் நாலைந்து யானைகள் தெரிந்தன. காட்டுக்குள் திரும்புகிற மாதிரி நின்றன. வழக்கமான வழியில் மேட்டைச் சுற்றிப்போனால் அதற்குள் உள்ளே போய்விடும். மரக்கட்டைகளுக்கு நடுவே குறுக்குவழி ஒன்று உண்டு. அந்த வாயிலில்தான் கொடி நின்றது.

நன்றாகப் பார்த்தேன். சிவப்பு, குறுக்கே வெள்ளை. வள்ளம் கொடிக்குப் பக்கத்தில் இல்லை, முப்பது நாற்பது அடி தள்ளி ஒரு கட்டையில் கட்டியிருந்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம், வேலை முடிந்திருக்கும், கொடியை எடுக்க மறந்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட பெரிய வார்த்தை. கொடியைப் பார்த்ததும் கை தானாகவே வேகத்தைக் கூட்டியது.

எஞ்சின் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினாள். படகில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டு அவளுக்குக் கைகாட்டினார்கள். நானும் காட்டினேன்.

அடியில் ஏதோ இடித்தது. கட்டை என்றுதான் நினைத்தேன். விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டு எஞ்சின் முனகி நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கேன் பிளந்து தண்ணீருக்குள் முங்கிக்கொண்டிருந்தது, கொடியைக் காணவில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கலங்கியது. அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தலை மேலே வந்தது. வாயில் காற்றுக் குழாய் இல்லை. “மச்சான்” என்று ஒரு தடவை கூப்பிட்டார்.

சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் பயந்து மேலே வந்திருக்கிறார். காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பையும், அதோடு சேர்த்துக் குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பையும் விசிறி அறுத்துவிட்டது. நான் குதித்து அவரைத் தூக்கிப் படகில் போட்டேன். அவள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து துண்டால் காலை இறுக்கிக் கட்டினாள். அவள் வள்ளத்தை என் படகில் கட்டி, துடுப்பு போட்டே கரைக்கு வந்தோம். ஜீப்பில் அவர்களை ஏற்றிவிட்டு வரும்போது என் சட்டையெல்லாம் ரத்தம்.

அலுவலகத்தில் பொறுப்பாளர் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். கொடி இருந்ததா என்று மலையாளத்தில்தான் கேட்டார்.

“கொடி உண்டாயிருன்னோ?”

“இல்ல சாரே. ஞான் கண்டில்ல.”

லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். பதினைந்து வருடத்துப் பெயர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. மலையாளத்தில் சொன்னதால் அதை வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். படகில் இருந்த குடும்பத்தை யாரும் விசாரிக்கவில்லை. அவர்கள் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே படகைக் கரையில் ஏற்றி விசிறியைச் சுத்தம் செய்தேன். அதில் சிக்கியது பழைய வலை என்றே மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். கயிற்றைக் கத்தியால் அறுக்க அறுக்க, உள்ளே இறுகிப்போய்க் கிடந்தது அந்தத் துணி. வெள்ளைப் பட்டை கிழியாமல் இருந்தது. கேனின் உடைந்த கைப்பிடியும் அதில் அவள் போட்ட முடிச்சும் கூட இருந்தன. அலுவலகம் ஐம்பது அடி தூரத்தில், கதவு திறந்துதான் இருந்தது. நான் எல்லாவற்றையும் சுருட்டிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொடி வைக்காமல் ஆளை இறக்கியதால் விபத்து என்று முடித்தார்கள். அந்தப் புருசன் பெண்டாட்டிக்கு அதன்பிறகு எந்த அணையிலும் வேலை கிடைக்கவில்லை. மாப்பிள்ளையால் காலை ஊன்றி நடக்க முடியும், தண்ணீருக்குள் உதைக்க முடியாது. அவள் மறுபடியும் எஸ்டேட்டில் தினக்கூலியாகக் கொழுந்து எடுக்கப் போனாள். இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? முங்குகிறவர்கள் வேலை செய்யும்போது மற்றப் படகுகளைத் தள்ளி நிறுத்துகிற பொறுப்பு. விபத்தை நேரில் பார்த்தவன், ஆளைக் காப்பாற்றியவன் அல்லவா! அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன். கொடிக்குப் பக்கத்தில் எவனாவது எஞ்சினோடு வந்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். கண்டிப்பான ஆள் என்று பேர் வாங்கினேன். திட்டி முடித்து உட்காரும்போது, என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அவர்கள் லயம் வண்டிப்பெரியாருக்கு இந்தப் பக்கம். அந்த ஸ்டாப் வரும்போது பஸ்ஸில் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் என்னைச் சபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சபிக்கட்டும் என்றும் நினைத்தேன், அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவள் பஸ்ஸில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, நல்லா இருக்கீகளா? வீட்டுப் பக்கமே வரலையே.”

நான் தலையை ஆட்டினேன்.

“அன்னைக்கு நீங்க குதிச்சுத் தூக்கலேன்னா அவுக இல்ல. அத அவுகளே சொல்லுவாக.” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, “எல்லாம் என்னாலதாண்ணே” என்றாள். “வலைய இழுக்குற அவசரத்துல கொடிய நான் திரும்பிப் பாக்கல. முடிச்ச ஒழுங்காப் போடாம விட்டிருக்கேன், அவுந்து எங்கிட்டோ மிதந்து போயிருக்கு. நீங்களே பாக்கலேன்னா அது அங்க இல்லைன்னுதான அர்த்தம். அவுக ஒரு வார்த்த கேக்கல. எனக்குத்தான் அவுக கால் புடிச்சுவிடும்போதெல்லாம் நெஞ்ச அடைக்குது.”

நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. மணி அடித்து இறங்கிவிட்டேன். ரோட்டோரம் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கோபப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவளோ ஒரு வருடமாகத் தன்னையே கொன்றுகொண்டிருந்திருக்கிறாள். என் கையெழுத்தை அவள் நம்பியிருக்கிறாள். அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறு வர முடியாது.

திங்கட்கிழமை அலுவலகத்தில், கொடி இருந்தது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் இரண்டு முறை படித்துவிட்டு, படகுச் சாவியை வாங்கிக்கொண்டார். அது சுலபமாகத்தான் இருந்தது. அன்று மதியம் பரண்மேல் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

எஸ்டேட்டில் அன்று அவளுக்கு வேலை இல்லை. வாசலில் நின்று பையிலிருந்து துணியை, அதில் சுருண்டிருந்த கைப்பிடியோடு எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி வெள்ளைப் பட்டையின் தையலை விரலால் தடவினாள்.

“இது எங்க இருந்துச்சு?”

“எஞ்சின் விசிறியில சுத்தியிருந்துச்சும்மா.”

“அப்ப கொடி நின்னுச்சு.”

“நின்னுச்சு.”

“நீங்க பாத்தீக.”

“பாத்தேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நான் கையாட்டுனதையும் பாத்தீகளா?”

“பாத்தேன். நானும் கைகாட்டுனேன்.”

திட்டுவாள் என்று நின்றேன். அவள் உள்ளே திரும்பிப் போனாள். மாப்பிள்ளை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார், வீடே அவ்வளவுதான். அவள் துணியை அவர் மடியில் வைத்தாள். அவர் விரித்துப் பார்த்தார். உடைந்த கைப்பிடியை எடுத்து, அதிலிருந்த கயிற்று முடிச்சை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“முடிச்சு அப்படியே இருக்கு பாரு. நீ சரியாத்தான் போட்டிருக்க” என்றார் அவளிடம்.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மச்சான் என்று கூப்பிட்டு ஏதாவது கேட்பார் என்று ரொம்ப நேரம் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.