ட்ரேஸ்ரூட்டில் வராத வீடு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். அதற்கும் முன்னால் வந்து நிற்பது, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு இது பொது வியாதி. எங்கே கோளாறு என்றாலும் அது அடுத்தவன் பக்கம்தான் என்று ஆதாரத்தோடு நிரூபிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே.

கம்பெனி பெங்களூரில். மனைவிக்குத் தருமபுரிக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் நான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, திங்கள் விடிவதற்குள் திரும்பிப் போகிற விருந்தாளியாகத்தான் இருந்தேன். மகள் என் சட்டைப் பையைத் தடவுவாளே தவிர மடியில் வந்து உட்கார மாட்டாள். கொரோனா வந்து, வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகுதான் அதியமான்கோட்டையில் ஒரு வீடு பிடித்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்தோம். மற்றவர்களை ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டபோதும் என்னை மட்டும் விட்டுவைத்தார்கள். இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

அறுந்தது. தினமும், மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு.

தூரத்து ஊர்களின் கிடங்குகளில் இருக்கும் ரவுட்டர்களுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து வேலை பார்ப்பவன் நான். அங்கே போகாமலேயே, அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இங்கிருந்து கட்டளை தட்டலாம்; நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் இணைப்பு போனால் திரையில் எழுத்து அப்படியே உறைந்துவிடும். பாதி மாற்றிய ரவுட்டர் அங்கே அந்தரத்தில் நிற்கும், கிடங்கில் ஒரு லாரிக்கும் பில் போட முடியாது. செல்போன் இணைப்பை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. கம்பெனி பதிந்துவைத்திருக்கும் இணைய முகவரியிலிருந்து வந்தால்தான் கதவு திறக்கும். செல்போனுக்கு அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும்.

மேனேஜர் ரொம்ப மரியாதையாக, "பேசாம இங்கயே வந்துடுங்களேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இணைப்பு கொடுத்த கேபிள்காரரிடம் கத்தினேன். "மோடத்த ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார். அதே வசனத்தை எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்பதால் இன்னும் எரிச்சல் வந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பிங். ஒரு முகவரிக்கு "இருக்கியா?" என்று கேட்டு அனுப்பும், அந்தப் பக்கம் இருந்தால் "இருக்கேன்" என்று பதில் வரும். வேறு ஒன்றும் பேசாது. வீட்டு ரவுட்டரைக் கேட்டேன், பதில் வந்தது. கேபிள்காரரின் ஆபீஸ் கருவியைக் கேட்டேன், மதியம் அது செத்துப்போனது. அடுத்து ட்ரேஸ்ரூட். அது வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். முதல் வரியில் என் வீடு. இரண்டாவது வரியில் கேபிள் ஆபீஸ் வரவேண்டும். வெறும் நட்சத்திரக் குறிகள்தான் வந்தன. ஆக, கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில். ஆனால் நடுவில் எதுவுமே இல்லை என்றது திரை.

திரை பொய் சொல்லவில்லை. முகவரி உள்ள கருவியைத்தான் ட்ரேஸ்ரூட் காட்டும். வந்ததை வாங்கி அப்படியே தள்ளிவிடுகிற சின்னப் பெட்டிகளுக்கு அதில் இடமில்லை. அது தெரிந்தும் இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்து, எங்கள் வீட்டுக் கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கம்பத்திலிருந்து முருங்கை மரத்துக்குத் தாவி, அங்கிருந்து தெருமுனையில் ஓர் ஓட்டு வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே போனது.

எங்கள் பக்கம் இது சகஜம். ஆப்டிகல் கம்பி வந்து சேரும் பெட்டியை யாராவது ஒருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். கரண்ட் அந்த வீட்டுடையது. பதிலுக்கு அவர்களுக்கு கேபிள் இணைப்பு இலவசம்.

நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஓர் இளம்பெண் நாலு வயதுக் குழந்தையை மடியில் வைத்து, அதன் மூக்கிலும் வாயிலும் மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசரின் முகமூடியைப் பிடித்திருந்தார். குழந்தைக்கு வீசிங். மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் மூன்று கால் பிளக் சொருக இருந்தது ஒரே ஓர் இடம். பெட்டியின் பிளக் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது.

நான் பிளக்கைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது.

"அங்கன்வாடியிலருந்து வந்ததும் ஒருக்கா வெக்கச் சொல்லியிருக்காங்க சார். இப்ப முடிஞ்சிரும். கேபிள்காருகிட்ட சொல்லிராதீங்க, பொட்டிய வேற வூட்டுக்கு மாத்திருவாரு."

கொண்டுபோன சூடெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீங்க பொறுமையா வைங்க" என்று சொல்லிவிட்டு, ஹைவேஸ் ஓரத்து எலெக்ட்ரிக் கடைக்குப் போய் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவந்தேன். பெட்டிக்கு ஒரு துளை, மெஷினுக்கு ஒரு துளை. அன்றிலிருந்து மதிய இணைப்பு அசையவில்லை. உலகத்தையே சரி செய்துவிட்ட மாதிரி மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பெரிய கிடங்கின் ரவுட்டரை முழுதாக மாற்றி அமைக்கும் வேலையைப் பரீட்சை மாதிரி எனக்குக் கொடுத்தார். நடுவில் அறுந்தால் அடுத்த மாதம் பெங்களூர். பேச்சு முடிந்தது. நாளும் குறித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்தது, அதே நாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று.

என் வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது. தெருமுனைப் பெட்டிக்கு? தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். முடியாவிட்டால் இங்கே ஒருவரைச் செய்யச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கேபிள்காரருக்கு போன் போட்டு, முதல்முறையாகக் கத்தாமல், என் குடும்பக் கதை முழுவதையும் சொன்னேன். "பாக்கறேங்க சார்" என்று வைத்துவிட்டார்.

அன்று காலை கரண்ட் போனது. திரையில் வேலை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பிங்கை ஓடவிட்டிருந்தேன். பதில் வந்தது. அடுத்ததும் வந்தது. கேபிள்காரர் ஏதோ பேட்டரி வைத்துவிட்டார் போலிருக்கிறது, அவர் நல்லா இருக்கட்டும் என்று வாயாரச் சொல்லிக்கொண்டே ரவுட்டருக்குள் நுழைந்தேன். ஏப்ரல் மாதத்து வெயில். வியர்வை விசைப்பலகையில் சொட்டியது. ஒரு கண் கட்டளையில், ஒரு கண் பிங்கில். மதியம் தாண்டிக் கடைசிக் கட்டளையைத் தட்டினேன். கிடங்கிலிருந்து எல்லாம் ஓடுகிறது என்று செய்தி வந்தது. மேனேஜர், "அங்கேயே இருங்கள்" என்று எழுதியிருந்தார்.

மனைவியைப் பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னேன். குளித்தேன். தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதற்கப்புறம்தான் கேபிள்காரர் ஞாபகம் வந்து போன் போட்டு நன்றி சொன்னேன்.

"நான் என்னங்க பண்ணேன்? நம்மகிட்ட ஏது பேட்டரி. அந்த வூட்டுல கொழந்தைக்குன்னு ஒரு பழைய இன்வெர்ட்டர் வெச்சிருக்காங்கல்ல, அதுல சொருவ முடியுங்களான்னு கேட்டேன். சரின்னுட்டாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே முருங்கை மரத்தின் பேருக்கு இருந்த நிழலில் பாய் விரித்து, குழந்தையைப் படுக்கவைத்து, அந்தப் பெண் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி. உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டியின் பச்சை விளக்குகள் எரிந்தன. மின்விசிறி நின்றிருந்தது.

"பழைய பேட்டரிங்க சார். ஃபேனும் போட்டா நிக்காது. பாப்பா மெஷினுக்கும் உங்க பொட்டிக்கும் மட்டும் வுட்டேன். நின்னு போச்சுன்னா நீங்க உங்க புள்ளைய வுட்டுட்டு பெங்களூரு போயிருவீங்களாமே, கேபிள்காரு சொன்னாரு."

பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

அவர் விசிறுவதை நிறுத்தாமல் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"வேலை முடிஞ்சிருச்சுங்களா சார்? இப்ப ஃபேன் போட்டுக்கட்டுங்களா?"

வேலை முடிந்து வெகு நேரமாகியிருந்தது. நான் உள்ளே போய் பெட்டியின் பிளக்கை என் கையாலேயே பிடுங்கிவிட்டு, மின்விசிறியைப் போட்டேன்.