‘இல்ல’ என்ற ஒரு சொல்லுக்காக ஜெபித்தேன்

சபையாரே, இதை அமைதியாகச் சொல்லத்தான் நினைத்து எழுந்தேன். முடியுமா என்று தெரியவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் தென்காசியில் தச்சுவேலை செய்கிறவர். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆனிச் சாரலில், குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் கூரை மாற்றப் போனார். நனைந்த மரத்தில் கால் வழுக்கி விழுந்தார். தலை கல்லில் மோதியது. நினைவு திரும்பியபோது வலது கை துவண்டு கிடந்தது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது. “ஆமா.”

தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. நான் யார் என்று கேட்டாலும் ஆமா. சொல்லிவிட்டு, நினைத்தது வரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவார். புத்தி முழுவதும் உள்ளேதான் இருந்தது. அதை அந்தக் கண்ணில் நான் பார்த்தேன்.

அவருடைய அண்ணன் பார்க்கவில்லை. ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, “ஏலே, நீ கிறுக்கனாலே?” என்று கேட்டார். “ஆமா” என்றார் இவர். சிரித்தார்கள். நம் சபையாரில் சிலரும் சிரித்தார்கள். பெயர் சொல்லவில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். “கிறுக்காஸ்பத்திரியில கொண்டு விட்டுருவோம், சம்மதமா?” என்றார் அண்ணன். அதற்கும் ஆமா. “பாத்தியாம்மா, அவனே சொல்லுதான்” என்று என்னிடம் திரும்பினார்.

அன்றைக்கு நான் முழங்காலில் நிற்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே கத்தினேன். “ஆண்டவரே, அவர் ஓட வேண்டாம், பாட வேண்டாம். ஒரு ‘இல்ல’ தாரும். அது இல்லாட்டி இவங்க அவரை இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க. பாத்துக்கிட்டா இருக்கீர்?”

அந்த வாரமே ஒரு சேதி கேள்விப்பட்டேன். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார். யுத்தத்தில் தலையில் அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். போன பேச்சைத் திரும்பப் பழக்க முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இவரை அங்கே கொண்டுபோய், “சரியாயிருமா?” என்றேன்.

“தெரியாதும்மா. முயற்சி பண்ணிப் பாக்கேன்.”

“எங்க வீட்டுக்காரர வச்சுப் பழகிப் பாக்கியளோ?” என்று சண்டைக்குப் போனேன்.

“பழகித்தான் பாக்கேன். அவரும் பழகணும். சும்மா படுத்துக் கெடந்தவங்க யாரும் பேசி நான் பாத்ததில்ல.”

இவருடைய உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக இடது கையில் கொடுத்துப் பெயரைச் சொல்வார். டாக்டர் உதட்டைப் பார்த்து இவர் சொல்ல வேண்டும். உளியும் ஆமா, ரம்பமும் ஆமா. சாரல் ஓய்ந்து வெயில் வந்தும் அதேதான். சில நாள் டாக்டர் வேண்டுமென்றே உளியைக் காட்டி, “இது ரம்பந்தானே?” என்பார். இவர் முகம் சிவந்துவிடும். எனக்கு டாக்டர் மேலேயும் ஆத்திரம் வந்தது.

ஒரு நாள் அண்ணன் வண்டியோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தோளைப் பிடித்துத் தூக்கி, “கிளம்புவோமாலே?” என்றார். இவர் வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. “இ... இல்ல” என்றார். கட்டில் சட்டத்தை இடது கையால் அறைந்தார். “இல்ல. இல்ல. இல்ல.”

அண்ணன் கையை எடுத்துவிட்டார். வாசலில் நின்ற டாக்டர், “கோவத்துல வருது. இனி இதைப் பிடிச்சுக்கிடுவோம்” என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற சொற்களை வரவழைத்தார்.

இன்றைக்கு அவர் மெதுவாகப் பேசுகிறார். பாதிச் சொல் தடுக்கும். இடது கையால் மரம் இழைக்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மனதாரச் சொல்கிறேன்.

அடுத்த கட்டிலில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர், வண்டி கவிழ்ந்து தலையில் அடிபட்டுக் கிடந்தார். அதே டாக்டர், அதே பயிற்சி. அவருக்குப் பேச்சு வரவில்லை. “உங்க சாமி நீங்க கேட்டா மட்டுந்தான் குடுப்பாராக்கா?” என்றாள் அவர் மனைவி. அதை இன்னும் ஆண்டவரிடம் கோபமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் மனப்பாடமாக ஜெபிப்பேன். இப்போது நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன். ஆண்டவர் அதைத் தாங்கிக்கொள்கிறார். உங்களுக்குக் கோபம் இருந்தால் அதோடேயே வந்து அவரை நம்புங்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அந்தப் புளியங்குடிப் பெண்ணையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவள் சத்தம் போட்டால் இங்கே யாரும் அவளை அடக்கக் கூடாது.