சரியில்லாத இரண்டு பேக்

செல்லூரில் நான் தைக்கும் மஞ்சப்பைகளை ஜவுளிக்கடைக்கு எடுத்துப்போக ஒரு நெட்டை மனிதர் வருவார். ஒவ்வொரு பைக்குள்ளும் முஷ்டியை விட்டு, தையல் பிரிகிறதா என்று இழுத்துப் பார்ப்பார். கால்பந்து உலகக்கோப்பைக்கு முந்தின வாரம், இழுத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

“ரெண்டு பேக்கும் சரியில்லக்கா. எப்படிக் கப்பு வாங்குறது?”

பேக்கென்றால் பைதானே. எனக்குச் சுருக்கென்றது. “என் பையில எது பிரிஞ்சிருக்கு? காட்டுங்க.”

“ஐயோ, பை இல்லக்கா. கோல் விழாமத் தடுக்க பின்னாடி நிக்கிற ஆளுக. பிரேசிலுக்கு.”

“அத ஏன் என் பையப் பாத்துச் சொல்றீக?”

அவர் பைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பிரேசில் ஆடிய போட்டி முடிந்த மறுநாள் கண் கலங்க வந்தார். வழக்கம்போல இழுத்தார்.

“பிரிஞ்சிருச்சா?” என்றேன்.

“பிரிச்சு மேஞ்சுட்டானுகக்கா.”

அவர் முன்னாலேயே ஐம்பது பையையும் இழுத்துக் காட்டினேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. அவர் முகம்தான் தேறவில்லை.